எந்த உப்பு

கள்ளிக்குப்பம்
4 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய திருமதி ஜெயப்பிரியா அவர்களுக்கு,

தங்கள் கணவர் தட்சிணாமூர்த்தியின் மூத்த சகோதரி பூங்காவனம் வணக்கத்துடன் வரைவது. தங்கள் கடிதம் கிடைத்துப் பல நாட்கள் சென்ற பின்னரே இம்மறுமொழி எழுதப்படுகிறது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ்கள் ஆடியிலேயே என் அச்சகத்தில் குவிந்துவிட்டன. மணமக்கள் பெயரில் ஓர் எழுத்து பிழையானாலும் பழி எனக்குத்தான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

என் தொலைபேசி எண்ணைத் தாங்கள் தடுத்து வைத்திருப்பதால், கள்ளிக்குப்பத்திலிருந்து வானகரத்துக்குத் தபால் எழுதும் நிலை நேர்ந்துள்ளது. அஞ்சலகத்துப் பெண், "இன்னாம்மா, இங்க கீற வானகரத்துக்கு ஸ்பீட் போஸ்டா? ஒரு ஆட்டோ புட்ச்சா நீயே குட்த்துட்டு வந்துடலாமே" என்றாள். கட்டணத்தை எண்ணி அவள் முன் வைத்தேன்.

குழந்தை நிஷாவின் கால்கள் வளைந்திருப்பதன் காரணம் அறிய, மருத்துவர் என் கால்களையும் படம் பிடித்துப் பார்க்க விழைவதாக எழுதியுள்ளீர்கள். குழந்தையின் நோய்க்கு அத்தையின் காலைப் பார்ப்பது எந்த ஊர் மருத்துவமோ நான் அறியேன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. படிப்பை நான் விடவில்லை. பழைய புத்தகக் கடைகளில் எடைக்கு வாங்கிய மருத்துவ நூல்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தவள் நான். ஆகவே கூறுகிறேன். பிறந்த சிசு முதல் ஈராண்டில் வளர்வதுபோல் மனிதர் பின்னர் ஒருபோதும் வளர்வதில்லை. அந்த எலும்பு விளையச் சுண்ணாம்புச் சத்தும் எரியமும் வேண்டும். எரியம் என்பது தாங்கள் பாஸ்பரஸ் என்று சொல்வதே. உண்ட உணவிலிருந்து இவ்விரண்டையும் குடல் ஈர்த்துக்கொள்ள உயிர்ச்சத்து டி துணை நிற்க வேண்டும். அதனைத் தருவது வெயில். வெயில் படாமல் வளர்ந்த குழந்தைக்கு எது எங்கிருந்து வரும்?

இதையே சித்திரையில், பாரிவாக்கத்தில் நடந்த நிஷாவின் காதணி விழாவில் கூறினேன். உரத்துக் கூறினேன் என்பது தங்கள் மனக்குறை. கூறியது பொய் என்று இதுவரை எவரும் நிறுவவில்லை.

எங்கள் கால்களைப் பொறுத்தவரை, எனக்கும் தம்பிக்கும் வாய்த்தவை வறுமைக் கால்கள். இருண்ட வீடு, வெறும் கூழ். அதற்குமேல் ஆராய அதில் ஒன்றுமில்லை. என் புடவையின் கரை தரையைத் தொடும்படியே நான் உடுத்துவது வழக்கம். இந்த வயதில் அதை எவர் முன்னும் உயர்த்துவதற்கில்லை.

இவண்,
பூங்காவனம்


வானகரம்
13 ஆகஸ்ட் 2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை பாதியில் மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் முழுவதும் படித்தேன். எண்ணைத் தடுத்தது உண்மைதான். போனில் நீங்கள் பேசிக்கொண்டே போவீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். எழுதினால் நானும் ஒரு பக்கமாவது பேச முடிகிறது.

காதுகுத்தில் நீங்கள் சொன்னது வெயிலைப் பற்றி மட்டும் இல்லை. "ஏசி ரூம்ல பூட்டி வளர்த்த புள்ளைக்குக் காலு எப்டி நிக்கும்? தாய்க்காரிக்கு லாப்டாப்தான் பெத்த புள்ள" என்றீர்கள். குழந்தை என் மடியில் காது வலித்து அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் உங்கள் ஊர்ப் பெண்கள். தென்காசியிலிருந்து வந்த என் அம்மா வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் பதில் பேசாததற்குக் காரணம் மரியாதை இல்லை, மதினி. நீங்கள் சொன்னதை நானும் நம்பினேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் நிஷாவை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன். கவுனை மடித்துக் கட்டி, கால்களில் வெயில் படும்படி நிற்க வைப்பேன். துணி காயப்போட வருகிறவர்கள் கேட்டால், "விளையாடுறா" என்பேன். அவள் கால்களை யாராவது உற்றுப் பார்த்தால் அவள் முன்னால் போய் நின்றுகொள்வேன். என் பிள்ளையை நானே மறைத்தேன். டாக்டர் எழுதிய சொட்டு மருந்தையும் ஒரு நாள் விடவில்லை. அவள் நிறம்தான் கறுத்தது. கால் நிமிரவில்லை.

இப்போது பார்க்கிற டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது இது: "வைட்டமின் டி இவளுக்கு நல்லாவே இருக்கு. நீங்க ஒண்ணும் குறை வைக்கல." நான் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு மீதியைச் சொன்னார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

பால் குடிக்கிற வயதில் குடல் பாஸ்பேட்டை, நீங்கள் சொல்லும் எரியத்தை, ஏறக்குறையத் தானாகவே இழுத்துக்கொள்ளுமாம். சின்ன வயதில் வைட்டமின் டி அதற்கு எவ்வளவு துணை செய்கிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்களாம். வளர வளர அந்தத் துணை அதிகம் தேவைப்படும். ஆனால் நாம் கொடுக்கும் டி அப்படியே வேலை செய்யாது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாறி, வேலை செய்கிற வடிவத்துக்கு வர வேண்டும். நிஷாவின் உடம்பு அந்தக் கடைசி மாற்றத்தைச் சரியாகச் செய்யவில்லை. அதனால் சொட்டு மருந்து ரத்தத்தில் சும்மா கிடக்கிறது, குடல் பாஸ்பேட்டைப் போதுமான அளவு எடுப்பதில்லை, அவள் நடக்கத் தொடங்கியதும் எலும்பு பாரம் தாங்காமல் வளைந்தது. ஏன் மாறவில்லை என்பதற்குச் சிறுநீர்ச் சோதனை கொடுத்திருக்கிறோம்.

இதற்கு நடுவில் உங்கள் தம்பி தண்ணீர் பிடிக்க எழுந்து போனார். டாக்டர் அவர் நடையையே பார்த்தார்.

"சார், அந்தக் கதவு வரைக்கும் போய்ட்டு வாங்க."

"எதுக்கு டாக்டர்? நமக்கு நட நல்லாத்தான் கீது."

"சும்மா போய்ட்டு வாங்க."

போய் வந்தார். காது சிவந்துவிட்டது. "எங்க ஊட்ல அல்லாருக்கும் இதான் ஒடம்புக் கட்டு, டாக்டர். எங்கக்காவும் இப்டிதான் நடக்கும். ராஜநட" என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. குடும்பத்தில் வருகிற நோயாக இருக்கலாம், அப்பாவையும் அத்தையையும் பார்த்தால் சீக்கிரம் தெளிவாகிவிடும், வைத்தியத்தை அதற்கேற்ப அமைக்கலாம் என்றார். உங்கள் தம்பியோ, "அக்கா எக்ஸ்ரே எடுத்துக்கட்டும், அப்பால நான் எடுத்துக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். உங்களை மீறி அவர் ஒரு சட்டைகூட வாங்கியதில்லை, உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். வாருங்கள்.

ஜெயப்பிரியா


கள்ளிக்குப்பம்
2 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய திருமதி ஜெயப்பிரியா அவர்களுக்கு,

வணக்கம். அவசரம் கருதிச் சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று அச்சகத்துக்கு வந்த தம்பி, தாங்கள் அலுவலகத்திலிருந்து வர இயலாமையால் தான் மட்டும் மருத்துவரைச் சந்தித்ததாகக் கூறினான். என்ன சொன்னார் என்று வினவினேன். "கொயந்தைக்கு மூத்ரத்துல உப்பு போவுதாம்க்கா" என்றான். எந்த உப்பு என்றேன். "உப்புதான். எலும்புக்கு வோண்டிய உப்பாம். அந்த உப்பையே மருந்தா குடுக்கச் சொல்லிட்டாங்கோ, கூடவே வேற ஒரு வைட்டமின் டி மருந்தும்" என்றான்.

எங்கள் தெருத் தாயம்மாளுக்கு உப்பு என்றுதான் தொடங்கினார்கள். வாரம் இருமுறை ரத்தம் சுத்திகரிப்பதில் முடிந்தது. உயிர்ச்சத்து டி அளவுக்கு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும் என்று என் நூலில் தெளிவாக அச்சிட்டுள்ளது. மாதக்கணக்கில் சொட்டு மருந்து புகட்டினீர்கள் அல்லவா? சிறுநீரகம் கெட்டு உப்பு போகும் குழந்தைக்கு மேலும் உப்பைப் புகட்டுவது என்ன நியாயம்? உப்பு கூடியவருக்கு ஊறுகாயைக்கூட விலக்குவது நம் வீடுகளில் யாவரும் அறிந்தது.

ஆகவே வேறு மருத்துவரிடம் காட்டும்வரை அம்மருந்துகள் இரண்டையும் நிறுத்துமாறு தம்பியைப் பணித்துள்ளேன். தங்களிடம் அவன் கூறியிருப்பான். குழந்தையின் நலன் ஒன்றே என் நோக்கம்.

இவண்,
பூங்காவனம்


வானகரம்
6 அக்டோபர் 2025

மதினி,

அவர் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் எனக்குத் தெரியாது. அதை இன்றைக்குத்தான் அவருடைய பைக் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். அந்தப் பாஸ்பேட் மருந்தை நாளுக்குப் பல தடவை பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் ஆபீஸ் கிளம்பிய பிறகு வருகிற வேளைகள் எல்லாம் அவர் பொறுப்பு. வேலை செய்கிற வடிவத்தில் உள்ள வைட்டமின் டியும் அவர் கையில்தான். காலையில் நான் கொடுக்கிற ஒரு வேளை மட்டும்தான் அவள் வயிற்றுக்குப் போயிருக்கிறது. மீதியை அளந்து அளந்து சிங்க்கில் ஊற்றியிருக்கிறார், பாட்டில் குறைய வேண்டும் என்பதற்காக.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர், "மருந்து ஒழுங்கா குடுக்கறீங்களா?" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒரு வேளைகூடத் தவறினதில்லை மேடம்" என்றேன். அவர் உங்கள் தம்பியைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

"அக்கா வோணாம்னு சொல்லிச்சு டாக்டர். உப்பு ஏறிச்சின்னா கிட்னி பூடும்னு..."

"யாருக்கு உப்பு ஏறுச்சு?"

"நீங்கதான சொன்னீங்கோ, உப்பு போவுதுன்னு."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் தப்பும் இருக்கு. சுலபமா புரியட்டும்னு அந்த வார்த்தையைச் சொன்னேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் கூசியது. பெற்றவள் நான், என் பிள்ளை வயிற்றுக்கு என்ன போகிறது என்றே தெரியாமல் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். அது சாப்பாட்டு உப்பு இல்லை. தாயம்மாளுக்கு ஏறிய உப்பும் இல்லை. அவருக்குச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டியது உள்ளே தங்கியது. நிஷாவுக்கு உள்ளே தங்க வேண்டியது வெளியே போகிறது. போவது பாஸ்பேட். உங்கள் எரியம். அவள் உடம்பில் ஒரு சுரப்பு அளவுக்கு மேல் இருக்கிறதாம். அதுதான் சிறுநீரகத்தைப் பாஸ்பேட்டை விடச் சொல்கிறது. அதுவே வைட்டமின் டியை வேலை செய்கிற வடிவத்துக்கு மாறவும் விடுவதில்லை. வாசல் வழியாகக் குறைவாக வருகிறது, கொல்லை வழியாக அதிகமாகப் போகிறது. எந்த மொட்டைமாடி வெயிலும் இதைச் சரி செய்யாது.

இந்த நோய் அப்பாவிடம் இருந்தால் பிறக்கிற பெண் குழந்தை எல்லோருக்கும் வருமாம். அம்மாவிடம் இருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வரலாமாம். இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. நீங்கள் படித்தவர்.

பகல் வேளைக்கு என் அம்மா தென்காசியிலிருந்து வந்துவிட்டாள். காதுகுத்தில் நீங்கள் பேசியதைக் கேட்ட அதே அம்மா.

இனிமேல் எங்கள் வீட்டுக்குத் தபால் போடாதீர்கள்.

ஜெயப்பிரியா


கள்ளிக்குப்பம்
17 நவம்பர் 2025

அன்புள்ள ஜெயப்பிரியாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இத்தனை நாள் தாழ்த்தியதற்கு இம்முறை அச்சக வேலையைக் காரணம் காட்ட மாட்டேன். உன் கடிதத்துக்கு என்ன சொற்களில் விடை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறர் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் கேட்ட மாத்திரத்தில் வாசகம் அமைத்துக் கொடுப்பவள், என் வெட்கத்துக்கு ஒரு வரி அமைக்க முடியாமல் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

தம்பியிடம் மருத்துவரின் பெயரைக் கேட்டு, அவனையும் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். நாங்கள் போவதை உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாதே என்று அவனைத் தடுத்ததும் நான்தான். மருந்தைக் கொட்டியதற்காக நீ அவனை இன்னும் ஏசிக்கொண்டிருந்தால் அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

படம் எடுக்கும் அறையில் ஒரு பெண் இருந்தாள். "பொடவைய முட்டிக்கு மேல தூக்குங்கக்கா" என்றாள். நான் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இங்க யாரும் பாக்கல, தூக்குங்கோ."

"நீ பாக்கிறியே."

"அய்ய, நான் ஒரு நாளைக்கு எத்தினி காலு பாக்கிறேன் தெரியுமா? உன் காலு இன்னா வைரமா? ஜல்தி, வெளிய கூட்டம் நிக்குது."

தூக்கினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பருவம் வந்த நாள் முதல் என்னைப் பெற்றவளுக்குக்கூட நான் காட்டாத கால்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் நடக்கச் சொன்னதால் இரண்டு முறை கல்யாணமே வேண்டாம் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தியவள் நான். அவள் பார்த்தாள், பலகையைச் சரி செய்தாள், "மூச்ச புட்ச்சிக்கோ" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்தபோது தம்பி எழுந்து, "இன்னாக்கா, நீயே காட்டிட்ட. அப்ப நான் இன்னா பெரிய இவனா" என்று தானே உள்ளே போனான்.

மருத்துவர் படங்களைப் பார்த்தார். "பல்லுல அடிக்கடி சீழ் வெச்சிருக்கா?" என்று கேட்டார். எனக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. தம்பிக்கும் இல்லை. அம்மாவுக்கு முன்பற்களும் விழுந்திருந்தன. அவள் குட்டை, அசைந்து அசைந்துதான் நடப்பாள். வெற்றிலை என்றோம், கிணற்று நீர் என்றோம், கூழ் என்றோம். ரத்தமும் சிறுநீரும் கொடுத்தோம். இருவருக்கும் அதே ஒழுக்கு. இரண்டு வாரத்துக்கு முன் முடிவைச் சொன்னார்கள்.

ஆகவே இதை எழுத்தில் தருகிறேன்: நிஷாவின் கால் எங்கள் ரத்தம். அதில் உன் குற்றம் ஓர் இம்மியும் இல்லை.

என்னை உறங்கவிடாதது இன்னொன்று. எரியம் என்று எழுதத் தெரிந்தவள் நான். பாஸ்பரஸ் என்று சொன்னவர்களையெல்லாம் திருத்தினவள். அதே பொருள், என் தம்பியின் வாயில் உப்பு என்று எளிய பெயரோடு என் கடை வாசலில் வந்து நின்றபோது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், தெரிந்த தாயம்மாள் கதையை அதன்மேல் போர்த்தினேன். கேட்பது தாழ்வு என்று எண்ணியே படித்திருக்கிறேன். அதன் விலையை ஒரு குழந்தையின் எலும்பு கொடுத்தது.

சென்ற வாரம் பாரிவாக்கத்தில் பெரியப்பா பேத்தி வளைகாப்பு. காதணி விழாவில் இருந்த அதே பெண்கள். பந்திக்கு முன் எழுந்து நின்று, அன்று நான் ஜெயப்பிரியாவைப் பேசியது தவறு, இது எங்கள் குடும்பத்து நோய், எனக்கும் இருக்கிறது, என்றேன். உடனே அஞ்சலை சித்தி, "சரி, அதுக்கு இன்னாடி இப்போ? வட ஆறுது, குந்து" என்றாள். உன்னைப் பழித்தபோது அந்தப் பேச்சு அவர்கள் வாயில் மாதக்கணக்கில் இருந்தது. அதைத் திரும்பப் பெற்றபோது ஒரு வடை ஆறும் நேரம்கூட இருக்கவில்லை. அன்று நான் செய்தது எவ்வளவு என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. அதைத் திரும்ப அள்ள முடியாது. உன் தாயாரிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க எனக்கு அனுமதி வேண்டும். அவர்கள் முகம் திருப்பிக்கொண்டாலும் கேட்பேன்.

முழங்கால் வலிக்காகவும் எலும்பு மெலிந்திருப்பதற்காகவும் மருத்துவர் எனக்கும் அதே மருந்தைத் தொடங்கியிருக்கிறார். அந்த மருந்துத் தண்ணீரை முதல் வாய் குடித்தவுடன் குமட்டிக் கொட்டிவிட்டேன். உவர்ப்பும் கசப்பும் நாக்கை விட்டுப் போகவில்லை. வழக்கம்போல் நானே ஒரு வழி கண்டு, பாலில் கலந்து குடித்தேன். பாலின் சுண்ணாம்புச் சத்து அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறாது என்று மருத்துவமனையில் திட்டினார்கள். அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் பாதி வெளியே வருகிறது. வயிறும் கலங்குகிறது.

நிஷாவுக்கு இரண்டரை வயது. அவள் நாள்தோறும் இதை இத்தனை தடவை எப்படி விழுங்குகிறாள்? நீ எதில் கலந்து தருகிறாய்? சில்லென்றா, வெதுவெதுப்பாகவா? முன்னால் ஏதேனும் கொடுக்கிறாயா, பின்னாலா? எனக்குச் சொல்லித் தர வேண்டும்.

விரைவில் பதில் எழுது.

பூங்காவனம்